பழைய சைக்கிளின் முன் பிரேக்

மோட்டார் சைக்கிளைப் பற்றி ஒரு மௌலவி எழுதுவதா, அதுவும் பெண்கள் படிக்கும் ஏட்டிலா என்று சிரிக்க வேண்டாம். ஓட்டுபவர் உங்கள் கணவராகவோ மகனாகவோ இருக்கலாம். பிள்ளையை மடியில் வைத்துக் கொண்டு பின்னால் அமர்பவர் நீங்களல்லவா?

குண்டசாலை, திகன வழியாகச் செல்லும் மஹியங்கனை வீதி, மலையிலிருந்து இறங்கும்போது 18 வளைவு என்று பெயர் பெற்ற இடத்தைக் கடக்கிறது. இத்தகைய இறக்கங்களில்தான் ஹொண்டா எம்.டி. 90 போன்ற பழைய வண்டிகளும் ஓடுகின்றன. ஜப்பானியத் தபால்காரர்களுக்காகச் செய்யப்பட்ட வண்டி அது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்படும் வரை, பல குடும்பங்கள் கையிலிருந்த பழையதையே பேணிக் கொண்டன.

நம் ஆண்களில் பலர் முன் பிரேக்கைத் தொடுவதேயில்லை. பிடித்தால் குப்புற விழுவோமாம்! உண்மையில், வேகம் குறையும்போது பாரம் முன் சில்லின் மீது சாய்கிறது. பின் சில்லு இலேசாகி வழுக்கப் பார்க்கிறது. ஆகவே வண்டியை நிறுத்துவதில் பெரும் பங்கு முன் பிரேக்குடையது. தொடாமலே இருப்பதால் அது பலவீனமானதும் தெரிவதில்லை.

பழைய வண்டியின் முன் சில்லில் ஒரு ட்ரம்மும், அதனுள் இரண்டு பிரேக் சூக்களும் இருக்கும். கேபிள் இழுக்கும்போது வெளியேயுள்ள சிறு இரும்புக் கை திரும்பி, சூக்களை விரித்து ட்ரம்மில் அழுத்துகிறது. சூவின் லைனிங் தேயத் தேய, கேபிளின் திருகைத் திருகி லீவரைச் சரிசெய்து விடுகிறார்கள். கைக்கு எல்லாம் நன்றாகவே தோன்றும். ஆனால் பிரேக் பிடித்த நிலையில் கேபிளும் அந்த இரும்புக் கையும் ஏறத்தாழச் செங்கோணத்தில் நிற்க வேண்டும். கோணம் தாண்டினால் எவ்வளவு நெரித்தாலும் பலம் சேராது. சில இடங்களில் அந்தக் கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டிக் கொடுப்பார்கள். லைனிங்கைப் பார்க்காமல் அப்படிச் செய்வது நோயை மறைத்து வைப்பதே. தேய்ந்த சூக்களை விரிக்கும் துண்டு அளவுக்கு மீறித் திரும்பினால் சில்லு இறுகியும் விடும்.

கராஜில் சொல்ல வேண்டியவை அதிகமில்லை. பழைய கேபிளை மாற்றட்டும். லைனிங் கண்ணாடி போல் மினுங்கினால் தேய்த்துச் சொரசொரப்பாக்கட்டும். எண்ணெய் ஊறியிருந்தால் மாற்றுவதே நல்லது. பூட்டும்போது அச்சின் நட்டைச் சற்றுத் தளர்த்திச் சில்லைச் சுழற்றி, பிரேக்கை இறுகப் பிடித்தபடியே நட்டை முறுக்கச் சொல்லுங்கள். சூக்கள் ட்ரம்மின் நடுவில் அமர்வதற்கு இதுவே வழி. செலவில்லாத இந்த வேலையைத்தான் பலரும் மறந்து விடுகிறார்கள்! புதிய லைனிங் ட்ரம்மோடு ஒட்டி அமரச் சில நாட்கள் எடுக்கும். அதுவரை இறக்கங்களில் மெதுவாகச் செல்லட்டும்.

பழைய லைனிங்குகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருக்கக் கூடும். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு, புற்றுநோயையும் உண்டாக்கும். ட்ரம்மை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ விடாதீர்கள். ஈரத் துணியால் துடைக்கட்டும். அந்த வேலை செய்த உடுப்பை முற்றத்தில் உதறாமல், பிள்ளைகளின் உடுப்போடு சேர்க்காமல், தனியே நனைத்துக் கழுவுங்கள்.