மிச்சத்தை எண்ணும் ஆட்டமும் சேர்த்ததை எண்ணும் ஆட்டமும்

சிவகாசிப் பட்டாசு வட்டாரத்தில் எம். புதுப்பட்டி போன்ற ஊர்களில், வெயில் இல்லாமல் சரக்கு காயாத மழை நாட்களிலும், தீபாவளி முடிந்து ஆலைகள் மீண்டும் திறக்கும் வரையிலான ஓய்வு வாரங்களிலும், திண்ணையிலோ மரத்தடியிலோ சீட்டுக்கட்டு பிரிக்கப்படுவது வழக்கம். ஆடப்படுவது பெரும்பாலும் பதின்மூன்று சீட்டு ரம்மி. ஆட்டத்தை வேடிக்கை பார்ப்போர் பலர் என்றாலும், ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறத்தில் பெயர்களுக்குக் கீழே எழுதப்படும் எண்களை ஊன்றிப் பார்ப்போர் குறைவு. ஆடுவோர் 'கவுண்ட்' என்று அழைக்கும் அந்த எண்களுக்குள், பள்ளிக்கூடத்துக் கணக்குப் பாடம் எதற்கும் இளைக்காத ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கின் அருமை, அதை அதன் தூரத்து உறவான ஜப்பானிய மாஜாங்கின் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது.

மாஜாங் என்பது 19-ஆம் நூற்றாண்டில் சீனாவில் உருவெடுத்து, 1920-களில் ஜப்பானில் பரவி, அங்கே தனக்கென விதிகளை வகுத்துக்கொண்ட கட்டை ஆட்டம். அதில் சீட்டுக்குப் பதிலாக 136 சிறு கட்டைகள் உண்டு. நால்வர் அமர்ந்து, ஆளுக்குப் பதின்மூன்று கட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, முறை வரும்போது பதினான்காவதாக ஒன்றை எடுத்து, வேண்டாத ஒன்றைக் கழிப்பார்கள். தொடர் எண்கள் மூன்று அல்லது ஒரே கட்டை மூன்று என்று சேர்த்து, நான்கு கூட்டங்களும் ஒரு இணையும் அமைந்துவிட்டால் கை நிறைந்துவிடும். பதின்மூன்று வைத்துப் பதினான்காவதை எடுப்பதும், தொடரும் மும்மையும் சேர்ப்பதும், வேண்டாததை எறிவதும் ரம்மி ஆடத் தெரிந்த எவருக்கும் புதியன அல்ல. சீனப் பணச் சீட்டுகளிலிருந்து மாஜாங் பிறந்தது என்பதில் ஆட்ட வரலாற்று அறிஞர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை; மெக்சிகோவின் பழைய கான்கியன் ஆட்டத்தின் வழியாக ரம்மிக்கும் அதே சீனச் சீட்டுகளோடு தொடர்பு இருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு.

உருவத்தில் இவ்வளவு நெருங்கியிருக்கும் இரண்டு ஆட்டங்களும் புள்ளி போடும் இடத்தில் எதிரெதிர்த் திசைகளில் பிரிந்து போகின்றன. மாஜாங் வென்றவரின் கையை எண்ணுகிறது. ரம்மி தோற்றவரின் கையை எண்ணுகிறது. அங்கே எண் பெருகப் பெருக மகிழ்ச்சி. இங்கே எண் பெருகப் பெருக வெளியேற்றம். வென்றவரின் கவுண்ட் எப்போதும் பூஜ்யம்தான், அவர் எவ்வளவு அழகாகச் சேர்த்து முடித்திருந்தாலும்.

ரம்மியின் கணக்கை முதலில் விரித்துச் சொல்வது நல்லது. ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி ஆகிய நான்குக்கும் தலா 10, எண் சீட்டுகளுக்கு அவற்றில் அச்சிட்ட எண்ணே மதிப்பு, ஜோக்கருக்கு மதிப்பில்லை. அச்சிட்ட ஜோக்கர் தவிர, ஆட்டத் தொடக்கத்தில் கட்டிலிருந்து வெட்டி எடுக்கும் ஒரு சீட்டின் எண்ணும் அந்த ஆட்டம் முழுவதற்கும் ஜோக்கராகும். அதுவே கட் ஜோக்கர். ஒருவர் கையை இறக்கிக் காட்டும்போது, ஜோக்கர் கலவாத ஒரு தொடரும் (ஒரிஜினல் என்றும் முதல் லைஃப் என்றும் இதைச் சொல்வார்கள்), ஜோக்கர் கலந்தோ கலவாமலோ இரண்டாவது ஒரு தொடரும் கட்டாயம் இருக்க வேண்டும். மற்றவை தொடராகவும் இருக்கலாம், வெவ்வேறு சின்னத்தில் ஒரே எண் கொண்ட செட்டாகவும் இருக்கலாம்.

மற்றவர்களின் கையை எண்ணுவதில்தான் ரம்மியின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இரண்டு லைஃபும் அமைந்த கையில், எதிலும் சேராத சீட்டுகளை மட்டும் எண்ணினால் போதும். ஒரிஜினல் மட்டும் அமைந்து இரண்டாவது தொடர் அமையாத கையில், ஒரிஜினல் தவிர மற்றெல்லாச் சீட்டுகளையும், அழகாகச் சேர்த்துவைத்த செட்டுகள் உள்பட, எண்ணியாக வேண்டும். ஒரிஜினலே இல்லாவிட்டால் கையில் இருக்கும் அத்தனையும் கவுண்ட்டுதான். ஆனால் எந்தக் கையின் கவுண்ட்டும் 80-ஐத் தாண்டாது; அதுவே 'ஃபுல் கவுண்ட்'.

ஒரு கையை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். கட் ஜோக்கர் 7 என்று கொள்வோம். ஒருவரிடம் இஸ்பேட் 4, 5, 6 என்ற ஒரிஜினல் இருக்கிறது. ஆட்டின் 8, 9 ஆகியவற்றோடு கிளாவர் 7 ஜோக்கராகச் சேர்ந்து இரண்டாவது தொடராகிறது. இஸ்பேட், ஆட்டின், டைமன் ஆகிய மூன்று ராஜாக்கள் ஒரு செட். மிச்சம் கிளாவர் ராணி, இஸ்பேட் ஜாக்கி, டைமன் 3, டைமன் 2. வேறொருவர் கையைக் காட்டிவிட்டால் இவருடைய கவுண்ட் 10, 10, 3, 2 சேர்ந்து 25. அதே கையில் கிளாவர் 7 வராமல் அதன் இடத்தில் டைமன் ஜாக்கி உட்கார்ந்திருந்தால், இரண்டாவது லைஃப் இல்லை. மூன்று ராஜாக்களும் 30, எட்டும் ஒன்பதும் 17, டைமன் ஜாக்கி 10, மிச்சம் 25, மொத்தம் 82. உச்சவரம்பு அதை 80-இல் நிறுத்துகிறது. ஒரே ஒரு சீட்டு வந்ததற்கும் வராததற்கும் இடையில் 55 எண்கள் நிற்கின்றன. கை நிறையப் படச் சீட்டு வைத்திருப்பவர் லைஃப் அமையாதவரை நிம்மதியாக இருக்க முடியாது என்பதும், அனுபவமுள்ளவர்கள் ராஜாவையும் ராணியையும் முதல் சுற்றுகளிலேயே எறிந்துவிடுவதும் இதனால்தான்.

இந்தக் கணக்கின் இன்னொரு முனை, ஆடாமல் விலகுவதற்கு வைக்கப்பட்டிருக்கும் விலை. சீட்டுப் பிரித்தவுடன் கை சரியில்லை என்று தோன்றினால், முதல் சீட்டை எடுக்கும் முன்பே கவிழ்த்துவைத்துவிடலாம். ஊர்ப்புறத்தில் இதை 'ஸ்கூட்' என்பார்கள். 101-ஐ எல்லையாகக் கொண்ட ஆட்டத்தில் தொடக்க ஸ்கூட்டுக்கு 20, நடுவில் விலகினால் 40. 201 ஆட்டத்தில் 25, 50. மேசைக்கு மேசை இந்த விதிகள் சற்று மாறுவதுண்டு என்றாலும், பரவலாக வழங்குபவை இவையே. கவுண்ட் கூடிக் கூடி 101 அல்லது 201-ஐத் தொட்டவர் வெளியேறுவார். கடைசிவரை நிற்பவர் வென்றவர்.

எல்லை ஏன் 100 ஆக இல்லாமல் 101 ஆக இருக்கிறது என்று கேட்போருக்கு விடை ஸ்கூட்டில் இருப்பதாகத் தோன்றுகிறது. 20 வீதம் ஐந்து முறை விலகினால் 100. ஆள் இன்னும் ஆட்டத்தில் இருக்கிறார், ஒரே எண் இடைவெளியில். 25 வீதம் எட்டு முறை விலகினால் 200. அங்கும் அதே ஓர் எண். ஒருமுறை 80 வாங்கியவருக்குக்கூட ஒரு ஸ்கூட்டுக்கு இடம் மிச்சமிருக்கிறது. வெளியேறியவர் மீண்டும் சேர்வதற்கான விதி இதைவிட அழகானது. 101 ஆட்டத்தில் இருப்போரில் எவருடைய கவுண்ட்டும் 79-ஐத் தாண்டாதிருந்தால்தான் வெளியேறியவர் திரும்பச் சேரலாம், அதுவும் இருப்போரில் உயர்ந்த கவுண்ட்டோடு ஒன்று கூட்டி. ஆக, அவர் அதிகபட்சம் 80-இல் உள்ளே வருகிறார், ஒரு ஸ்கூட் போட்டாலும் 100-இல் நிற்கிறார். 201 ஆட்டத்தில் அந்த வரம்பு 174. ஒன்று கூட்டி 175, ஒரு ஸ்கூட்டுக்குப் பிறகு 200. இதை வகுத்தவர் யாராக இருந்தாலும், திரும்பி வருபவருக்கு ஒரே ஒரு மூச்சாவது விடக் கொடுக்க வேண்டும் என்று எண்ணியே வகுத்திருக்கிறார் என்பது எண்களிலேயே தெரிகிறது.

மாஜாங்கின் கணக்கு வேறு வகையான பெருமை உடையது. ஜப்பானிய முறையில் கை நிறைந்தால் மட்டும் போதாது. 'யாக்கு' எனப்படும் அங்கீகரிக்கப்பட்ட அமைப்புகளில் ஒன்றாவது அதில் இருந்தாக வேண்டும். இரண்டு முதல் எட்டு வரையிலான எண் கட்டைகள் மட்டுமே கொண்ட கைக்குத் தன்யாவோ என்று பெயர். எல்லாம் தொடராகவும், இணை மதிப்பற்றதாகவும், கடைசிக் கட்டை தொடரின் இருமுனையில் எது வந்தாலும் சேரும்படியும் அமைந்த கை பின்ஃபு. கை மூடியிருக்கும் நிலையில், இன்னும் ஒரே கட்டைதான் பாக்கி என்று உரக்க அறிவித்து 1000 புள்ளிக் குச்சி ஒன்றை நடுவில் வைப்பது ரீச்சி. ஒவ்வொரு யாக்குக்கும் 'ஹன்' என்ற அலகில் மதிப்பு உண்டு. மேற்சொன்ன மூன்றுக்கும் தலா ஒரு ஹன். டோரா எனப்படும் அதிர்ஷ்டக் கட்டை கையில் இருந்தால் அதற்கும் ஒரு ஹன் கூடும், ஆனால் டோரா மட்டும் வைத்துக்கொண்டு வெல்ல முடியாது. கையின் நுண்ணமைப்பை அளக்க 'ஃபு' என்று வேறொரு சிற்றலகும் உண்டு: எல்லாருக்கும் அடிப்படையாக 20, மூடிய கையோடு பிறர் எறிந்த கட்டையில் வென்றால் 10, மும்மைகளுக்கும் கடினமான காத்திருப்புக்கும் சிறிது சிறிதாகக் கூட்டிப் பத்தாக முழுமையாக்குவது.

இந்த இரண்டையும் இணைக்கும் சூத்திரம் இரட்டிப்பு. ஃபுவை எடுத்துக்கொண்டு, ஹன் எண்ணிக்கையோடு இரண்டு கூட்டி, அத்தனை முறை இரட்டித்தால் ஒரு பங்கு கிடைக்கும். ரீச்சி, தன்யாவோ, பின்ஃபு மூன்றும் அமைந்த மூடிய கையோடு பிறர் எறிந்த கட்டையில் ஒருவர் வெல்கிறார் என்றால் அது 3 ஹன், 30 ஃபு; முப்பதை ஐந்து முறை இரட்டித்தால் 60, 120, 240, 480, 960. எறிந்தவர் நான்கு பங்கையும் தனியாகச் சுமக்க வேண்டும் என்பதால் 3840. நூறாக முழுமையாக்கினால் 3900. அதே 30 ஃபுவில் ஒரு ஹன்னுக்கு 1000, இரண்டுக்கு 2000, மூன்றுக்கு 3900, நான்குக்கு 7700. சதுரங்கக் கட்டங்களில் நெல்மணியை இரட்டித்துக்கொண்டே போய் அரசனின் களஞ்சியம் தீர்ந்த கதையை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இது எங்கே போய் நிற்கும் என்று கவலை எழலாம். அதற்காகவே ஐந்தாவது ஹன்னில் 'மங்கன்' என்ற அணை கட்டப்பட்டிருக்கிறது: 8000. அதன்பின் ஏற்றம் இரட்டிப்பாக இல்லாமல் படிப்படியாக 12000, 16000, 24000 என்று நடந்து, மிக அரிய கைகளுக்குரிய யாகுமானில் 32000-இல் முடிகிறது. முறைத் தலைவராக அமர்ந்திருப்பவர் வென்றால் இவை அனைத்தும் ஒன்றரை மடங்கு. ஆளுக்கு 25000 புள்ளிகளோடு தொடங்குவது பரவலான வழக்கம் என்பதால், ஆட்டத் தொடக்கத்திலேயே ஒரு யாகுமான் கட்டையை எறிந்தவர் அந்த நொடியிலேயே இருந்ததெல்லாம் இழந்து கடனாளியாகிவிடுவார்.

ஆக, ரம்மியின் 80-ம் மாஜாங்கின் மங்கனும் ஒரே வேலையைச் செய்கின்றன. எண் கட்டுக்கடங்காமல் ஓடும் இடத்தில் ஒரு வரப்பு. தவறாகக் கையைக் காட்டினால் ரம்மியில் 80 எழுதப்படுவதும், மாஜாங்கில் மங்கன் அளவுக்குத் தண்டம் கட்டுவதும் பொதுவான வழக்கமாக இருப்பது இந்த ஒற்றுமையை உறுதிப்படுத்துகிறது.

ஆனால் பொறுப்பைப் பகிர்வதில் இரண்டும் ஒன்றுபடவில்லை. மாஜாங்கில் வெற்றிக்கு உதவிய கட்டையை எறிந்தவர் ஒருவரே முழுப்பணத்தையும் கட்டுகிறார். மற்ற இருவருக்கும் நட்டமில்லை. அதனால் எதிரி ரீச்சி அறிவித்தவுடன், நல்ல கையைக்கூடப் பிய்த்துப் போட்டுவிட்டு ஆபத்தில்லாத கட்டைகளை மட்டும் எறிந்துகொண்டிருப்பது அங்கே பெருந்திறமையாகக் கருதப்படுகிறது. ரம்மியில் யார் எறிந்த சீட்டை எடுத்து எவர் முடித்தாலும் எறிந்தவருக்குத் தனித் தண்டனை கிடையாது; அவரவர் கையில் சேராமல் கிடக்கும் மிச்சத்துக்கு அவரவரே பொறுப்பு. இந்த இரண்டில் ரம்மியின் முறையே நியாயமானதாகத் தோன்றுகிறது, ஏனெனில் அது அடுத்தவரின் அதிர்ஷ்டத்துக்கு ஒருவரைப் பிணையாக்குவதில்லை. எனினும் கூர்மையில் மாஜாங் ஒரு படி மேல் என்பதை மறுக்க முடியாது.

ரம்மிக்கும் கூர்மை உண்டு என்பதை நீதிமன்றமே ஏற்றிருக்கிறது. செகந்தராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் நடந்த ஆட்டம் குறித்த வழக்கில், 1968-ஆம் ஆண்டுச் சட்ட ஏடுகளில் வெளியான தீர்ப்பில், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. விழும் சீட்டுகளை நினைவில் வைப்பதும், எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்று முடிவெடுப்பதும் திறமை என்பதே அதற்குக் கூறிய காரணம். மேலே கண்ட 25-க்கும் 80-க்கும் இடையிலான தூரம் அந்தத் திறமையின் அளவுகோலே. ஆனால் கவுண்ட் ஒன்றுக்கு 5 ரூபாய் என்று வைத்துக் கைப்பேசியில் ஆடியபோது, சில நிமிடங்களில் முடிந்துவிடும் ஒரே ஆட்டத்தில் 80 எண் 400 ரூபாயானது. தாளில் மெதுவாகக் கூடும் எண்ணுக்கு இருந்த கடிவாளம் அங்கே இருக்கவில்லை. இணைய ரம்மியில் பணம் இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் துயரம் தமிழகத்தை உலுக்கிய பின், 2022-இல் சட்டப்பேரவை தடைச் சட்டம் நிறைவேற்றியதும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்ட அதன் பகுதி 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நிற்காமற்போனதும், 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் நாடாளுமன்றம் தடைசெய்ததும் அண்மை வரலாறு.

கைப்பேசித் திரையில் ஆட்டம் ஆடிப் பழகிய தலைமுறைக்குக் கவுண்ட்டைக் கூட்டிச் சொல்வது இயந்திரத்தின் வேலையாகிவிட்டது. ஸ்கூட் என்ற சொல் 'டிராப்' ஆகிவிட்டது. ஜப்பானியர்கள் மாஜாங்கின் புள்ளிக் கணக்கை அட்டவணையாக அச்சிட்டுப் புத்தகம் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். காலண்டரும் நோட்டும் அச்சிட்டு நாடெங்கும் அனுப்பும் சிவகாசி வட்டாரத்தில், ஊருக்கு ஊர் மாறும் ரம்மி விதிகளையும், லைஃப், ஸ்கூட், ஃபுல் என்று மூத்தவர்கள் வழங்கும் சொற்களையும், 79, 174 ஆகிய எண்களுக்குப் பின்னால் உள்ள கணக்கையும் எழுதி அச்சேற்றுவது கடினமான காரியம் அல்ல. அந்தக் கணக்கை மனத்தாலேயே போடத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பணம் வைக்காத ஓர் ஆட்டத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல வாசகர்கள் எழுதி வைக்க வேண்டும்.