திட்டத்தின் பயனை அளப்பது எப்படி?

அரசாங்கம் ஒரு திட்டத்தைத் தொடங்குகிறது. சில ஆண்டுகள் கழிந்தபின் நிலைமை சீர்பட்டிருப்பதைக் காண்கிறோம். அந்த முன்னேற்றம் திட்டத்தினால் விளைந்ததா, அன்றித் திட்டம் இல்லாவிடினும் வந்திருக்குமா? எதை வளர்ப்பது, எதைக் கைவிடுவது என்பது இவ்வினாவின் விடையைப் பொறுத்தது. விடை தவறினால் வரிப்பணம் வீணாவதோடு, ஏழைகளுக்குக் கிட்டவேண்டிய உதவியும் கிட்டாமற் போகும்.

முன்பிருந்த நிலையையும் பின்பு வந்த நிலையையும் ஒப்பிட்டால் போதாதா எனலாம். போதாது. இடைக்காலத்தில் சாலைகள் அமைந்திருக்கலாம். நல்ல மழை பெய்திருக்கலாம். மக்களின் வருவாய் உயர்ந்திருக்கலாம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், வீழ்த்தியது காக்கைதான் என்று துணிந்து கூறலாமா? திட்டம் இல்லாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை நேரில் காண இயலாது. ஆதலால் அதற்கு ஈடாகத் தக்க ஒப்புமை ஒன்றைத் தேடிக்கொள்ள வேண்டும். அவ்வாறு தேடும் வழிகளைப் புள்ளியியல் கற்பிக்கிறது. அவற்றுள் இரண்டை இங்கே காண்போம்.

முதலாவது, வேறுபாடுகளின் வேறுபாட்டைக் கணிக்கும் முறை. 2006-ஆம் ஆண்டில் பீகார் அரசாங்கம், ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் அளிக்கத் தொடங்கிற்று. மாணவியர் தொகை பெருகிற்று. ஆனால், நாடெங்கும் பெண்கல்வி வளர்ந்துவந்த காலமன்றோ அது? கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்னும் பொருளியலறிஞர் இருவர் இக்கணக்கைப் படிப்படியாகப் போட்டனர். முதலில், பீகாரில் பெண்களின் சேர்க்கை ஆண்களின் சேர்க்கையைவிட எவ்வளவு கூடுதலாக உயர்ந்தது என்று கண்டனர். இருபாலார்க்கும் பொதுவான காரணங்கள் இதனால் நீங்கின. பின்னர், 2000-ஆம் ஆண்டுவரை பீகாரோடு ஒன்றாயிருந்ததும், அப்போது இத்திட்டம் இல்லாததுமான ஜார்க்கண்டில் அதே வேறுபாட்டைக் கணித்துக் கழித்தனர். எஞ்சியது திட்டத்தின் பயன்: உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்திருந்த பெண்களின் தொகை 32 விழுக்காடு மிகுந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊர்களிலேயே பயன் பெரிதாக இருந்தமை, சைக்கிளே காரணம் என்பதற்கு மற்றொரு சான்றாயிற்று.

இம்முறைக்கு ஓர் அடிப்படை உண்டு. திட்டம் இல்லாதிருந்தால் இரு மாநிலங்களும் ஒரே போக்கில் சென்றிருக்கும் என்று கொள்ளவேண்டும். அது பொய்த்தால் கணக்கும் பொய்க்கும்.

இரண்டாவது முறை சீட்டுக் குலுக்கல். இராஜஸ்தானத்து உதயப்பூர் மாவட்டத்தில் 134 கிராமங்கள் குலுக்கல் முறையில் மூவகையாகப் பிரிக்கப்பட்டன. 30 கிராமங்களில் மாதந்தோறும் தவறாமல் தடுப்பூசி முகாம் நடந்தது. வேறு 30 கிராமங்களில் முகாமோடு, ஊசி போடும்தோறும் ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசிகளும் முடிந்தபின் உணவுத்தட்டுகளும் வழங்கப்பட்டன. எஞ்சிய 74 கிராமங்களில் புதிதாக எதுவும் செய்யவில்லை. சீட்டுக்குச் செல்வமும் தெரியாது, வறுமையும் தெரியாது. ஆகவே மூவகை ஊர்களும் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒத்தவை. பின்னர்த் தோன்றிய பெரிய வேறுபாட்டிற்குத் திட்டமே காரணம்.

தடுப்பூசி முழுமையாகப் பெற்ற குழந்தைகள், ஒன்றும் செய்யாத ஊர்களில் 6 விழுக்காடு. முகாம் மட்டும் நடந்த ஊர்களில் 18. பருப்பும் தந்த ஊர்களில் 39. பருப்புக் கொடுத்தால் செலவு ஏறுமே என்று எண்ணத் தோன்றும். கணக்கோ வேறு கூறிற்று. ஒரு குழந்தைக்கு முழுத் தடுப்பூசி போட ஆன செலவு, பருப்பின்றி 2,202 ரூபாய். பருப்புடன் 1,102 ரூபாய். செவிலியரின் ஊதியமும் பயணச் செலவும் கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றே. குழந்தைகள் மிகுதியாக வந்தபோது தலைக்கு வீழ்ந்த செலவு குறைந்தது. இவ்வாராய்ச்சி 2010-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதை நடத்தியோருள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகிய இருவரும் 2019-இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றனர்.

எனினும், உதயப்பூரில் பலித்தது ஒவ்வோர் ஊரிலும் பலிக்கும் என்று இக்கணக்கு உறுதி கூறவில்லை. பருப்புத் தந்தும் பத்தில் ஆறு குழந்தைகள் விடுபட்டதையும் மறத்தலாகாது.

பாட்னாவிலோ, உதயப்பூரிலோ, வேறெந்த நகரிலோ வாழும் தமிழன்பர்கள் அந்தந்த மாநிலத்துத் திட்டங்களைப் பற்றிப் பல புள்ளிவிவரங்களைக் கேட்கிறார்கள். அப்போது மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று: எதனோடு ஒப்பிட்டார்கள்? ஒப்பிடப்பட்டோரை எவ்வாறு தெரிந்தெடுத்தார்கள்? கண்ட வேறுபாடு தற்செயலாக நேரக்கூடியதா? இவ்வினாக்களை எழுப்பப் பழகுவதே இக்கலையைக் கற்பதன் முதற்படி.