திரையரங்கச் செலவும் மலேசியத் தமிழ்க் குடும்பமும்: கிள்ளான் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழர் வாழ்வில் திரைப்படம் பெற்றுள்ள இடத்தைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். நடிகர்களின் செல்வாக்கு, பாடல்களின் மொழிநடை, இளைஞரிடையே திரைப்படம் ஏற்படுத்தும் தாக்கம் எனப் பல கோணங்களில் கட்டுரைகள் எழுதப்பட்டுள்ளன. எனினும், படம் பார்க்கச் செல்வதற்கு ஒரு குடும்பம் எவ்வளவு செலவிட வேண்டியுள்ளது, அச்செலவு அக்குடும்பத்தின் தெரிவை எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்னும் எளிய வினாவிற்குப் போதிய கவனம் செலுத்தினோம் எனக் கூற இயலாது. கோலாலம்பூரையும் கிள்ளானையும் களமாகக் கொண்டு அவ்வினாவை விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டத்துத் திடல்

நம் முன்னோருள் பெரும்பாலோர் திரைப்படத்தை முதன்முதலில் கண்டது தோட்டத்துத் திடலில்தான். சம்பள நாளை ஒட்டி இரண்டு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டப்படும். மாலையிலேயே பாயை விரித்து இடம் பிடித்துவிடுவர். கச்சாங் பூத்தே விற்பவர் எங்கிருந்தோ வந்து சேர்வார். 1946ஆம் ஆண்டில் மலாயாத் திரைப்படப் பிரிவு நிறுவப்பட்ட பின்னர் அரசின் படவண்டிகளும் தோட்டங்களுக்கு வந்து செய்திப் படங்களைக் காட்டின. திடலில் நுழைவாயிலும் இல்லை, சீட்டும் இல்லை. வந்தவர் அனைவருக்கும் இடமுண்டு. படம் பார்ப்பதென்பது ஊர் கூடும் நிகழ்ச்சியாகும் என்ற எண்ணம் இங்குதான் வேரூன்றியது.

நகரத்து அரங்குகள்

நகரத்தில் படம் பார்ப்பதற்குக் காசு வேண்டும். ஆயினும் அங்கும் ஏழைக்கு ஓரிடம் இருந்தது. அன்று பத்து சாலை எனவும் இன்று ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் எனவும் வழங்கும் வீதியில் 1920களின் தொடக்கத்திலிருந்து நின்றுவரும் கொலிசியம் அரங்கில் தமிழ்ப் படங்கள் பல ஆண்டுகள் திரையிடப்பட்டன. பிரிக்பீல்ட்சில் லிடோ அரங்கு இருந்தது. கிள்ளான் நகரிலும் தமிழ்ப் படத்திற்கென மக்கள் நாடிச் சென்ற அரங்குகள் இருந்தன.

இவ்வரங்குகளின் கட்டண முறை நம் கவனத்திற்குரியது. திரைக்கு அருகிலுள்ள முன்வரிசைகளுக்குக் குறைந்த கட்டணம்; பின்வரிசைகளுக்கு அதைவிடக் கூடுதல்; மாடிக்கு எல்லாவற்றிலும் மிகுதி. தோட்டத் தொழிலாளியும் இரயில்வே எழுத்தரும் கடை முதலாளியும் வெவ்வேறு விலை கொடுத்து ஒரே கூரையின்கீழ் ஒரே படத்தைப் பார்த்தனர். இம்முறை வகுப்பு வேறுபாட்டைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டியது என்பது உண்மையே. ஆனால், அது எவரையும் வாசலிலேயே நிறுத்திவிடவில்லை.

1980களில் காணொளி நாடாவும் 1990களில் குறுவட்டும் வீட்டிற்குள் நுழைந்தன. 1996ஆம் ஆண்டில் அஸ்ட்ரோ ஒளிபரப்புத் தொடங்கி, வானவில் அலைவரிசை வழியாகத் தமிழ்ப் படங்கள் வரவேற்பறைக்கே வந்தன. ஒற்றைத் திரை அரங்குகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கொலிசியத்தை மரபு மையமாக மாற்றும் பொருட்டு அரசு கையகப்படுத்த எண்ணிய செய்தி 2006ஆம் ஆண்டில் வெளிவந்தபோது எழுந்த எதிர்ப்பு, அத்தகைய அரங்குகளின்மீது மக்கள் கொண்டிருந்த பற்றினைக் காட்டியது.

பேரங்காடிக்குள் சென்ற திரை

இன்று திரையரங்கு பேரங்காடியின் மேல்மாடியில் உள்ளது. பிரிக்பீல்ட்சுவாசிகளுக்கு அண்மையிலுள்ள அரங்கு, 2014ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட என்யூ சென்ட்ரல் பேரங்காடிக்குள் அமைந்துள்ளது. கிள்ளான் மக்கள் புக்கிட் திங்கி போன்ற இடங்களிலுள்ள பேரங்காடிகளை நாடுகின்றனர். இரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்கள் பல இவ்வட்டாரத்தில் குடியிருப்புகளாகவும் வணிக வளாகங்களாகவும் மாறிவிட்டன. பாட்டனார் பாய் விரித்துப் படம் பார்த்த மண்ணுக்கு அருகிலேயே பேரன் சீட்டு வாங்கிப் படம் பார்க்கிறான் என்றால் அது மிகையன்று.

வசதிகள் பெருகியுள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. குளிரூட்டிய கூடம், துல்லியமான ஒலி, முன்பதிவு, மலாய்மொழித் துணையுரை ஆகியவை நல்ல மாற்றங்களே. பெண்கள் அச்சமின்றிக் குழந்தைகளுடன் வந்து செல்ல முடிகிறது. ஆனால், பொதுக்கூடங்களில் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் பெரும்பாலும் ஒரே விலை. குறைந்த விலை இருக்கை என ஒன்று இல்லாதபோது, வசதியற்றவர் பின்தள்ளப்படுவதில்லை. அவர் வராமலே இருந்துவிடுகிறார். ஒரே விலை என்பது தோற்றத்தில் சமத்துவம். பயனில் அது விலக்கலாகும் என்பதே நம் கருத்து.

கூலியால் அளந்து பார்த்தல்

சீட்டின் விலையை வெள்ளியில் மட்டும் கூறினால் அதன் சுமை விளங்காது. கூலியால் அளக்க வேண்டும். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் மாதத்திற்கு 1,700 வெள்ளி. வாரத்தில் 6 நாள் வேலை செய்பவருக்கு இது நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசாகும்.

தாய், தந்தை, இரு பிள்ளைகள் எனக் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்கின் எளிமைக்காகச் சீட்டு ஒன்றின் விலையை 20 வெள்ளி எனக் கொண்டால் நால்வருக்கும் 80 வெள்ளி. ஒரு நாள் கூலி இங்கேயே கரைந்துவிடுகிறது. வெளியிலிருந்து உணவு கொண்டுவரப் பேரரங்குகள் இசைவதில்லை. ஆகவே சோளப்பொரிக்கும் பானங்களுக்கும் 40 வெள்ளி. வாகன நிறுத்தத்திற்கும் எரிபொருளுக்கும் 10 வெள்ளி. ஆக மொத்தம் 130 வெள்ளி, அதாவது ஏறத்தாழ இரண்டு நாள் கூலி. கணவன் மனைவி இருவரும் உழைக்கும் வீட்டில் இச்சுமை குறையும். புதன்கிழமைச் சலுகையைப் பயன்படுத்தினால் மேலும் குறையும். ஆனால், பள்ளி நாளான புதன்கிழமை இரவு குடும்பத்தோடு படத்திற்குச் செல்வோர் எத்தனை பேர்?

விலை உயர்வதற்கு அரங்கு நடத்துவோரை மட்டும் குறைகூறுவது முறையன்று. 1953ஆம் ஆண்டுக் கேளிக்கை வரிச் சட்டத்தின்படி விதிக்கப்படும் வரி நெடுங்காலம் 25 விழுக்காடாக இருந்தது. எஞ்சிய தொகையை அரங்கும் விநியோகிப்பாளரும் பகிர்ந்துகொள்கின்றனர். பேரங்காடி வாடகை, மின்கட்டணம், ஊழியர் சம்பளம் ஆகியவற்றை அரங்கு தன் பங்கிலிருந்தே ஈடுகட்ட வேண்டும். சோளப்பொரியின் விலை உயர்ந்திருப்பதற்கு இதுவே காரணம். அதன் வருவாயை விநியோகிப்பாளரோடு பகிர வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் அரங்குகள் மூடப்பட்டன; அவ்வாண்டிலேயே எம்பிஓ நிறுவனம் தன் தொழிலை முடித்துக்கொண்டது. அரங்குத் தொழிலின் நிலையும் உறுதியானதன்று என்பதை இது உணர்த்துகிறது.

இழப்பு யாருக்கு?

ஆண்டிற்கு மூன்று அல்லது நான்கு முறையே செல்ல இயலும் என்னும் நிலையில் ஒரு குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும்? இரண்டு நாள் கூலியைச் செலவிடுவோர் ஏமாற விரும்பமாட்டார். தெரிந்த நடிகர், தீபாவளி வெளியீடு, ஊரே பேசும் படம் என்றால் மட்டுமே துணிவர். மற்றவை தொலைக்காட்சிக்கு வரும்வரை காத்திருக்கும். இத்தெரிவில் முதலில் விடுபடுவது நம் நாட்டிலேயே உருவாகும் தமிழ்ப் படமாகும்.

இதற்கு இரண்டு படங்களை ஒப்பிட்டுக் காட்டலாம். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ 2015ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்தது. தோட்டங்கள் சிதைந்தபின் புறம்போக்குக் குடியிருப்பில் வளரும் சிறுவனின் கதை அது. பா. இரஞ்சித் இயக்கத்தில் இரஜினிகாந்த் நடித்த ‘கபாலி’ 2016ஆம் ஆண்டு ஜூலை 22 அன்று வெளிவந்தது. அதுவும் மலேசியத் தமிழரையும் குண்டர் கும்பலையும் பற்றியதே. ஏறத்தாழ ஏழு மாத இடைவெளியில் வெளிவந்த இவ்விரண்டனுள் எதற்குப் பேரங்காடி நிரம்பியது என்பதைக் கிள்ளான்வாசிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. மலாய்மொழியிலும் கபாலி பேசியது. ‘ஜகாட்’டோ 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், மொழி அடிப்படையிலான பிரிவுகள் பற்றிய பெரும் சர்ச்சைக்குப் பின்னர், சிறந்த மலேசியத் திரைப்பட விருதைப் பெற்றது. நாடு அதனைத் தன் படமாக ஏற்றுக்கொண்டபோதிலும், நம்மவருள் பலர் அதனை அரங்கில் பார்த்ததில்லை. இதனை மக்களின் இரசனைக் குறைவு எனக் கூறிவிடுவது எளிது. அவர்களின் சம்பளக் கணக்கையும் பார்த்தால் அவ்வாறு கூற நமக்கு மனம் வராது.

ஒரு மாற்று வழி

மலேசியாவில் சீட்டின் விலையை அரங்கு நிறுவனங்களே முடிவு செய்கின்றன. தமிழ்நாட்டில் அரசு உச்ச விலை விதிக்கிறது. பல்திரை அரங்குகளுக்கான உச்சம் 2017ஆம் ஆண்டில் வரி நீங்கலாக 120 ரூபாயிலிருந்து 150 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சென்னையின் பெரிய அரங்குகளிலும் முன்வரிசையில் சில இருக்கைகள் 10 ரூபாய்க்கு விற்கப்பட்டு வந்தன. கூலிக்காரனுக்கும் மாணவனுக்கும் அந்தச் சில இருக்கைகள் பெருங்கொடை. விலைக் கட்டுப்பாடு நமக்கும் பொருந்தும் என நாம் வாதிடவில்லை. ஆயினும், உள்நாட்டுப் படங்களுக்கு மட்டுமாவது முன்வரிசைக்குக் குறைந்த விலையை மீட்டெடுக்கலாம். பெரும்பாலும் காலியாகவே கிடக்கும் அவ்விருக்கைகளைக் குறைத்து விற்பதால் அரங்குக்குப் பெரிய இழப்பு நேராது. தமிழ்ப்பள்ளிகளும் பொது இயக்கங்களும் ஒரு காட்சியை மொத்தமாக எடுத்துப் பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்வதும் செய்யத்தக்கதே.

முடிவுரை

திடலில் சீட்டில்லை, பழைய அரங்கில் குறைந்த சீட்டு இருந்தது, பேரங்காடியில் அனைவருக்கும் ஒரே சீட்டு. இம்மாற்றத்தின் ஊடே தமிழ்க் குடும்பத்தின் படத் தெரிவு சுருங்கி வந்துள்ளதை மேற்கண்ட விளக்கம் புலப்படுத்துகிறது. தன் கதையைத் திரையில் காண்பதற்கு ஒரு சமூகம் இரண்டு நாள் கூலியைக் கொடுக்க வேண்டியிருப்பின், அக்கதையைச் சொல்ல முன்வருவோர் குறைந்துகொண்டே போவர். ஆகவே, சீட்டின் விலை பொழுதுபோக்குச் செய்தி மட்டுமன்று. நம் பண்பாட்டு ஆய்வுக்கும் உரிய பொருளாகும்.