பால் பாக்கெட்டில் படியும் மை

பால் பாக்கெட், ரொட்டி உறை, மருந்துப் புட்டியின் லேபிள், சரக்கு வந்து இறங்கும் நெளியட்டைப் பெட்டி ஆகியவற்றின் மேல் காணும் எழுத்தும் படமும் பெரும்பாலும் பிளெக்சோகிராபி என்னும் முறையில் அச்சாகின்றன. ரப்பர் முத்திரையில் மேடாக நிற்கும் எழுத்து மட்டும் மையைத் தொட்டுத் தாளில் பதிவது போலவே, இம்முறையிலும், ஒளி பட்டால் இறுகும் போட்டோபாலிமரால் ஆன வளையும் பிளேட்டில் மேடாக உள்ள பகுதியே அச்சாகிறது. தொடக்கத்தில் அனிலின் சாயங்கள் பயன்பட்டதால் 'அனிலின் அச்சு' எனப்பட்ட இது, அந்தச் சாயம் நஞ்சு என்ற அச்சத்தால் உணவு உறைகளுக்கு ஏற்காத பெயராகிவிடவே, 1952இல் அமெரிக்காவில் இன்றைய பெயரைப் பெற்றது.

இம்முறையின் உயிர்நிலை அனிலாக்ஸ் உருளை. அதன் பீங்கான் பூச்சில் லேசரால் குடையப்பட்ட, வெறுங்கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற குழிகள் மையை ஏந்திக்கொள்ள, மிகுதியை டாக்டர் பிளேடு எனப்படும் மெல்லிய தகடு வழித்துவிடுவதால், பிளேட்டுக்குச் சேரும் மையின் அளவைக் குழிகளின் கொள்ளளவே தீர்மானிக்கிறது. பிளேட்டை அதற்குரிய உருளையின் மேல் வளைத்து ஒட்டும்போது அதன் மேற்பரப்பு சற்று நீள்வதால், அந்த நீட்சியைக் கணக்கிட்டு, படத்தை முன்கூட்டியே சுற்றுத்திசையில் குறுக்கி அமைக்கவேண்டும். இல்லையேல் வட்டம் நீள்வட்டமாகிவிடும். அழுத்தம் கூடினால் மை ஓரங்களுக்குப் பிதுங்கி எழுத்தைச் சுற்றிக் கரிய விளிம்பு கட்டும் என்பதைப் பால் பாக்கெட்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்ப்போர் பல நேரங்களில் காணலாம்.

இத்தகைய நுணுக்கங்களே இத்துறையின் வேலைகளாகவும் பிரிகின்றன. வடிவமைப்பைப் பிளேட்டுக்கு ஏற்பத் திருத்துவோர், பிளேட் தயாரிப்போர், அதை இம்மியும் விலகாமல் உருளையில் ஒட்டுவோர், இயந்திரத்தை ஓட்டும் ஆபரேட்டர், அடியில் துளையுள்ள கோப்பையிலிருந்து மை வடியும் நொடிகளை எண்ணி அதன் குழைவை அளந்து நிறம் சேர்ப்போர், அச்சான ரோலை ஒட்டி, வெட்டி, பையாக்குவோர் என அந்த வரிசை நீள்கிறது. இவற்றுள் நிறம் சேர்ப்பவரின் தேர்ச்சியே அரிதானது. ஒரே நிறுவனத்தின் சிவப்பு, வெண்ணிறப் பாலித்தீனிலும் பழுப்பு அட்டையிலும் ஒன்றுபோல் தெரியவேண்டும் என்பது எளிய கோரிக்கையன்று. கரைப்பான் கலந்த மைகள் எளிதில் தீப்பற்றுபவை, அவற்றின் ஆவி உடலுக்குக் கேடு செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை. காற்றோட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் செலவிடாத கூடத்தில் வேலைக்குச் சேராதிருப்பதே நல்லது.

செய்தித்தாளும் புத்தகமும் திரைக்கு இடம்பெயர்ந்ததைக் கண்டு, அச்சுத்தொழிலுக்கே எதிர்காலமில்லை என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். பாலையும் மருந்தையும் திரையில் ஊற்றி விற்க முடியாது என்பதால் உறை அச்சுக்கு அந்த நிலை வரவில்லை. அச்சுக்குப் பெயர்பெற்ற சிவகாசியும் தீப்பெட்டி, பட்டாசு லேபிள்களைக் கொண்டு வளர்ந்த ஊரே. சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் அச்சு மற்றும் உறையிடல் தொழில்நுட்பத்தில் பொறியியல் பட்டமும், தரமணியிலுள்ள அரசு அச்சுத் தொழில்நுட்பப் பயிலகத்தில் பட்டயப் படிப்பும் உள்ளன. கலந்தாய்வில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்க அமரும் மாணவர்களும் பெற்றோரும் இப்படிப்புகளின் பெயரைக் கண்டதும் கடந்துவிடாமல், ஒருமுறை அச்சுக்கூடம் ஒன்றுக்குச் சென்று இயந்திரம் ஓடுவதைப் பார்த்தபின் முடிவெடுக்க வேண்டும்.