கையெழுத்தும் விளையாட்டும்

முதலாம் ஆண்டில் பயிலும் பிள்ளையின் ஏட்டைப் புரட்டிவிட்டு, “கோழி கிளறியது போலிருக்கிறதே!” என்று கடிந்து கொள்ளும் பெற்றோர் பலர். இரண்டு அடி கொடுத்தால் எழுத்துத் திருந்திவிடும் என்று எண்ணுவோரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை.

மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உள்ளன. குழந்தை பிறக்கும்பொழுது அவை வெறும் குருத்தெலும்பே. ஏழு வயதிலும் அவை யாவும் முற்றுவதில்லை. அத்தகைய பிஞ்சுக் கையிடந்தான் ‘ஞ’கரத்தின் சுழியையும் ‘ழ’கரத்தின் வளைவையும் நாம் கேட்கிறோம். பென்சிலைப் பிடிக்கும் மூன்று விரல்களுக்கும் முதலில் வலிமை வேண்டும்.

அதற்குப் பல்லாங்குழியைப் போன்ற துணை வேறில்லை. மலாய் அன்பர்கள் ஆடும் சொங்காக்கும் அத்தகையதே. அள்ளிய புளியங்கொட்டைகளுள் ஒன்றை மட்டும் குழியில் இட, மற்றவை உள்ளங்கையில் அடங்கியிருக்க வேண்டும். முன்விரல்கள் உழைக்க, பின்விரல்கள் அடங்கியிருத்தல். பென்சில் பிடியும் அதுவேயன்றோ? குழிப்பலகை இல்லையெனில் வாசல் மண்ணில் குழி தோண்டினாலும் போதும்.

பால்மரக் காட்டிலிருந்தோ செம்பனைத் தோட்டத்திலிருந்தோ களைத்துத் திரும்பும் தாய்மார்க்குத் தனியே நேரம் ஏது? சப்பாத்திக்கு மாவு பிசைகையில் ஓர் உருண்டையைப் பிள்ளையிடம் கொடுங்கள். அதைத் திரித்து ‘அ’ செய்யட்டும். பூத்தொடுக்க ஆண்பிள்ளைகளையும் அழையுங்கள். கைப்பேசித் திரையைத் தேய்ப்பதால் விரலுக்கு இவ்வலிமை வாராது.

‘ட’, ‘ப’ ஆகிய கோட்டெழுத்துகளைத் தட்டில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகிய பின்னரே சுழியெழுத்துகளுக்குச் செல்லலாம். இடக்கையால் எழுதும் பிள்ளையை வலக்கைக்கு மாற்ற வேண்டா.