அடார் என்னும் கற்பொறி

சங்ககாலக் குறிஞ்சி நில மக்கள் தினைப்புனத்தைக் காக்க அமைத்த எளிய பொறி அடார் ஆகும். கனத்த கல்லின் ஒருபுறம் நிலத்தில் படிந்திருக்கும். உயர்த்திய மறுபுறத்தைச் சிறுகோல் ஒன்று தாங்கி நிற்கும். கீழே நுழையும் விலங்கு கோலை அசைத்ததும் அது நழுவும். கல் தன் எடையாலேயே வீழ்ந்து விலங்கை அழுத்தும். பெரும்பாரத்தைச் சிறுகோலால் நிறுத்தி வைப்பதே இதன் நுட்பம். ‘பொறியியல்’ என்னும் இன்றைய சொல்லிலும் அந்தப் பழைய ‘பொறி’ வாழ்கிறது.

ஆயினும், வருகின்ற விலங்கு எதுவென்று பொறி அறியாது. காட்டுப்பன்றிக்காக வைத்த அடாரில் புலி சிக்குவதை நற்றிணைப் பாடல் ஒன்று காட்டுகிறது. பயிரைக் காக்க வைத்த சுருக்குக்கம்பியில் சிறுத்தை சிக்கி மடியும் இன்றைய அவலமும் அத்தகையதே. பொறிவைத்துப் பிடித்தலையும் வேட்டை எனக் கொண்டு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனைத் தடை செய்கிறது.