டைல்ஸுக்கு அடியில் ஒளிந்திருந்த வில்லன்

"ரெண்டே வாரம்க்கா. பழைய தளத்தை இளக்கிட்டு டைல்ஸை ஒட்டிர வேண்டியதுதான்" என்றார் கொத்தனார். நானும் நம்பினேன். வீட்டு வேலையில் கை வைத்த அனுபவமுள்ள சகோதரிகள் இந்த இடத்தில் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரியுங்கள், ஆனால் கடைசிவரை படித்துவிடுங்கள்.

எங்களுக்கு அஞ்சுகிராமம். மாமனார் 1983-ல் கட்டிய வீடு. மாமியாருக்கு முட்டுவலி, குத்தவைத்து உட்கார முடிவதில்லை. போதாக்குறைக்கு, வழவழத்துப் போன குளியலறைத் தரையில் ஒருநாள் வழுக்கி, நல்லவேளையாகக் கதவைப் பிடித்துத் தப்பினார். அன்றே தீர்மானித்துவிட்டேன். உட்கார்ந்து எழும்ப வசதியான மேல்நாட்டுக் கோப்பை, வழுக்காத தரை, சுவரில் கைப்பிடி. இரண்டு வருஷமாகக் கட்டிய சீட்டை எடுத்தேன். கையில் 60,000 ரூபாய். நாகர்கோவில் போய், சுவருக்கு இளநீலப் பூப்போட்ட டைல்ஸும் பார்த்து வைத்தாயிற்று.

இரண்டாம் நாளே முதல் அடி. சுவரைக் கொத்தியதும் பழைய ஜி.ஐ. பைப்பு தலைகாட்டியது. பிளம்பர் திருகிய திருகில் முறுக்குப் போல ஒடிந்தது! உள்ளே வெள்ளையும் காவியுமாகப் படிந்து, பென்சில் நுழையும் அளவுக்குத்தான் துவாரம். தண்ணீர் நூலாய் வருகிறதே என்று இத்தனை வருஷமாக மோட்டாரையல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்!

ஜி.ஐ. என்பது துத்தநாகம் பூசிய இரும்பு. பூச்சு தேய்ந்தால் உள்ளிருந்தே துரு பிடிக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. அந்தச் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து அடைத்துவிட்டது. வேறு வழி? பைப்பு முழுவதையும் மாற்றினோம். வெந்நீர் வரும் இடத்துக்கு மட்டும் சி.பி.வி.சி. குழாய் கேட்டு வாங்குங்கள். சாதாரண பி.வி.சி. சூட்டில் இளகிவிடும்.

இத்தோடு தொலைந்தது என்று நினைத்தேன். பழைய கோப்பையைப் பெயர்த்தார்கள். அடியில் மண் கறுத்து, குப்பென்று நாற்றம். கழிவு போகும் மண் குழாயின் இணைப்பு விட்டுப்போய், தென்னை வேர் உள்ளே புகுந்து பந்தாய்ச் சுருண்டிருந்தது. கழிவில் ஒரு பங்கு மண்ணிலேயே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அங்கிருந்து கிணறு இருபதடி கூட இல்லை!

உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது, அதாவது சுமார் 60 அடி, தள்ளி இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. எங்கள் குழி தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் போகிற வழியிலேயே குழாய் ஒழுகினால் குழி தள்ளியிருந்து என்ன பிரயோஜனம்?

எனக்குக் கை கால் ஓடவில்லை. மூன்று வயது மகளுக்கு மாதம் ஒருமுறையாவது வயிற்றுப்போக்கு. பல் முளைக்கிறது, தின்றது சேரவில்லை என்றெல்லாம் காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். குழாய்த் தண்ணீர் வராத நாளில் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தோம்.

"ஒடஞ்ச எடத்துல மட்டும் சிமெண்ட் பூசிருவோமா? செலவு குறையும்" என்றார் கொத்தனார். சீட்டுப் பணம் கரைந்திருந்தது. இவரும் யோசித்தார். மாமியார்தான் வாசலில் நின்று சொன்னார்: "டைல்ஸ்ல பூ இல்லேன்னா என்ன மக்ளே? பிள்ளை குடிக்கிய வெள்ளம்லா!"

பூப்போட்ட டைல்ஸ் போயிற்று. வெறும் வெள்ளை வந்தது. குழி வரைக்கும் புதுக் குழாய் போட்டோம். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்ததில், கோலிஃபார்ம் கிருமி இருப்பதாக முடிவு வந்தது.

கசிவை அடைத்த பிறகு கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போட்டோம். கணக்கு இதுதான்: கிணற்றின் விட்டம், தண்ணீரின் ஆழம் இரண்டையும் மீட்டரில் அளந்து, விட்டம் × விட்டம் × ஆழம் × 785 என்று பெருக்கினால் எத்தனை லிட்டர் என்று தெரியும். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலந்து, ஒரு மணி நேரமாவது விட வேண்டும். மறுபரிசோதனையில் தண்ணீர் சரியாகும்வரை கொதிக்க வைத்தே குடித்தோம்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டவை சில:

* கைப்பணம் முழுவதற்கும் திட்டம் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கைக் குழாய்க்கென்று ஒதுக்கி வையுங்கள்.

* இரவு எல்லாக் குழாயையும் மூடி, தொட்டியில் நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் குறைந்திருந்தால் எங்கோ கசிவு.

* புதுக் குழாயைப் பூசி மூடுமுன் ஒருநாள் முழுக்கத் தண்ணீரை நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் தொட்டுப் பாருங்கள்.

* கடைசிக் கூலி கொடுக்குமுன் தரையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். எங்கும் தேங்காமல் ஓட வேண்டும்.

* குழாய் போகும் பாதையை, டேப்பை வைத்து அளவு தெரியும்படி, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது உதவும்.

இரண்டு வாரம் ஆறு வாரமாயிற்று. 60,000 ரூபாய் 98,000 ஆயிற்று. மீதிக்கு என் இரண்டு வளையல்கள் அடகில் இருக்கின்றன. ஆனால் மாமியார் கைப்பிடியைப் பிடித்துத் தானாகவே எழும்புகிறார். தண்ணீர்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நான்கு மாதமாக மகளை வயிற்றுக்கென்று டாக்டரிடம் தூக்கிப் போகவில்லை.

'இவ்வளவு செலவு செய்தும் வெறும் வெள்ளை டைல்ஸா?' என்று கேட்கிறவர்களுக்கு, செல்போனில் இருக்கும் பைப்புப் படத்தைக் காட்டுகிறேன்!